கணக்கில் வராத ரத்தம்

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஓர் அறைக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தலித் கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். ரத்தம் பற்றிப் பேசணும். நம் கவிதைகளில் ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. மேலவளவு ரத்தம், தாமிரபரணி ரத்தம் என்று எழுதியிருக்கிறோம். இன்னும் எழுதுவோம். ஆனா நம்ம வீட்டுப் பெண்களோட உடம்புக்குள்ள ஓடுற ரத்தம், அது ஓடாம நின்னு கட்டியாகி ஆளைக் கொல்றது, இது நம்ம எழுத்துல எங்கயும் வந்ததில்ல. நானும் எழுதியதில்லை.

இதை ஒரு பெண் பேசியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும். நான் மருத்துவனும் அல்ல. வங்கியில் எழுத்தர் வேலை. ஆனால் பதினைந்து இருபது வருஷமாக மனசுக்குள் உறைந்து கிடந்த ஒன்று, போன மாதம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது. அதனால் பேசுகிறேன்.

எங்கள் கிளையில் இறந்தவர்களின் கணக்கை முடித்துக்கொடுக்கும் வேலையும் எனக்கு உண்டு. ஒரு பொண்ணு வந்துச்சு. கல்லூரியில் படிக்கிற வயசு. அக்கா கணக்கை முடிக்கணும். கணக்கில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். இறப்புச் சான்றிதழைப் பார்த்தேன். அக்காவுக்கு 26 வயசு. "எப்படிம்மா?" என்று கேட்டேன். "நெஞ்சு வலின்னாங்க சார். கொழந்த பொறந்து பன்னண்டு நாளு" என்றாள். கேட்கக்கூடாது என்று நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது: "ஒரு கால் மட்டும் வீங்கியிருந்துச்சா?" அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் சிலோன் குடும்பம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிப் பிரித்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேரில் எங்க தாத்தா, பாட்டியும் இருந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து மறுபடி அதே கொழுந்து, அதே லைன் வீடு. 2003இல் எனக்கு 13 வயசு. அக்காவுக்கு 24. ரெண்டாவது பிரசவம், வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆறாம் நாள் ஜீப்பில் கொண்டு வந்து இறக்கினார்கள். பச்சை உடம்பு, எந்திரிக்கக் கூடாது என்று படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். தண்ணி அதிகம் குடிச்சா வயிறு ஊதும், புண்ணு ஆறாது என்று பத்தியம். ஒரு சொம்புத் தண்ணியை நாள் முழுக்க வச்சுக் குடிக்கும் அக்கா.

பத்தாம் நாள் இடது கால் வீங்கியது. தொடை வரைக்கும். தொட்டால் சுட்டது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு "நீர்தான், எறங்கிரும்" என்று வலி மாத்திரை கொடுத்துப் போனார். அம்மா வேலைக்குப் போகணும், போகலேன்னா பேரு கிடையாது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நல்லெண்ணெயைச் சுட வைத்துக் கொடுத்துப் போனது. நான் நீவிவிட்டேன். ரெண்டு நாள் நீவிவிட்டேன். மூணாம் நாள் காலையில் அக்கா எந்திரிச்சு வாசப்படியைப் பிடித்தது. "தம்பி, மூச்சு வரல" என்றது. அவ்வளவுதான்.

மாரடைப்பு என்றார்கள். லைனில் இருந்தவர்கள் பேய் அடிச்சிருச்சு என்றார்கள். பிரேதப் பரிசோதனை எதுவும் இல்லை. யாரும் கேட்கவுமில்லை. பிறகு பட்டப்படிப்புக் காலத்தில் ஒரு மருத்துவ மாணவ நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கும்டா" என்றான். அடுத்துத்தான் சொன்னான், அப்படி வீங்கிய காலை நீவவே கூடாது என்று. நீவினால் கட்டி பெயரக்கூடும். நான் நீவாமல் இருந்திருந்தாலும் அக்கா போயிருக்கலாம். அதை இனி யாரும் சொல்ல முடியாது. என் கை இருக்கிறது, பாருங்கள், இந்தக் கைதான்.

அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. 2003இல் நடந்தது மறுபடி போன மாதம் என் மேசைக்கு வந்திருக்கிறதே, ஏன்? இதுதான் கேள்வி.

*

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். ரத்தம் உறைவது ஒரு பாதுகாப்பு. விரலில் கவாத்துக் கத்தி பட்டால் ரத்தம் உறைந்து நிற்கவேண்டும், நிற்காவிட்டால் செத்துப்போவோம். அதே ரத்தம் உறையக் கூடாத இடத்தில், காலின் ஆழமான சிரைக்குள் உறைந்தால் ஆபத்து. அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து இதயத்தின் வழியாக நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால் சில நிமிஷத்தில் உயிர் போகலாம்.

இதைத் தெளிவாக விளக்கியவர் ஜெர்மனியின் ருடால்ஃப் விர்க்கோ. 1850களில். அவருடைய ஆய்வை வைத்துப் பின்னால் வந்தவர்கள் மூன்று காரணங்களாகச் சொல்கிறார்கள். ரத்த ஓட்டம் மந்தமாவது ஒன்று. ரத்தக்குழாயில் காயம் படுவது இரண்டு. ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது மூன்று. இந்த விர்க்கோ யார் என்றால், 1848இல் மேல் சிலேசியா பகுதியில் டைஃபஸ் காய்ச்சலில் ஜனங்கள் செத்தபோது அரசு அனுப்பிய மருத்துவர். போய்ப் பார்த்துவிட்டு அவர் எழுதிய அறிக்கையில் மருந்தைவிட வறுமை பற்றியும் கல்வி பற்றியும் ஜனநாயகம் பற்றியும்தான் அதிகம் இருந்தது. ரத்தக்கட்டியைப் படித்த அதே ஆள் அரசியலையும் படித்தார். நம் ஊரில் இந்த ரெண்டையும் பிரித்துவிட்டார்கள். இதே நீலகிரியில் வாழ்ந்த நம் அயோத்திதாசப் பண்டிதரும் வைத்தியர்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் என்பது விர்க்கோ சார்ந்த இந்த மூன்று காரணங்களும் ஒன்றாகக் கூடுகிற நிலை. பிரசவத்தில் ரத்தம் போகும் என்று உடம்புக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே ரத்தத்தின் உறையும் சக்தியைக் கூட்டி வைக்கிறது. கருப்பை பெருத்து, காலிலிருந்து மேலே வரும் சிரைகளை அழுத்துகிறது. இடது பக்கச் சிரை இயல்பிலேயே கொஞ்சம் நெருக்கப்பட்டிருப்பதால் இடது காலில்தான் அதிகம் வரும். பிரசவத்தில், அதிலும் அறுவைச் சிகிச்சையில், காயம் சேர்கிறது. அதற்கு மேல் ஆளைப் படுக்க வைத்துத் தண்ணியையும் குறைத்தால் என்ன ஆகும்? எங்க அக்காவுக்கு இது எல்லாமே இருந்தது.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் தருவது. கர்ப்பமும் இல்லாத, மாத்திரையும் சாப்பிடாத 10,000 இளம் பெண்களில் ஓராண்டில் 1 முதல் 5 பேருக்கு இப்படி ரத்தம் உறைகிறது. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 3 முதல் 9 பேர். கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேர். பிரசவத்துக்குப் பிந்திய 12 வாரங்களில் 40 முதல் 65 பேர். கடைசி எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளணும். மூணு மாச வைப்புத்தொகைக்கும் வட்டியை ஆண்டு விகிதத்தில் சொல்கிறோம் இல்லையா, அந்த மாதிரி அந்தச் சில வாரங்களின் வேகத்தை ஆண்டுக்கணக்கில் சொல்கிறார்கள்.

இந்த நாலு வரியிலிருந்து ரெண்டு விஷயம் தெரிகிறது. மாத்திரையில் ஆபத்து உண்டு. பிள்ளை பெறுவதில் அதைவிட அதிக ஆபத்து உண்டு. மிக மோசமான காலம், பிள்ளை பிறந்து எல்லோரும் தொட்டிலைச் சுற்றி நிற்கிற காலம். அப்போது தாயை யாரும் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சையாக நடந்தது என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேருக்கும் இந்த அபாயம் ஒரு படி கூடுதல். வீட்டுக்கு அனுப்பும்போது அவர்களில் எத்தனை பேரிடம் "கால் வீங்கினால் உடனே வா" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறோம்?

ஆசியப் பெண்களுக்கு ரத்தம் உறைவது குறைவு என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது. மதுரையின் நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து வந்த 135 பெண்களைப் பற்றியது. மதுரை, தோழர்களே. எல்லாம் நம்ம ஜனங்கள். மூளைச் சிரையில் உறைந்தால் தாங்கமுடியாத தலைவலி வரும், வலிப்பு வரும், ஒரு பக்கம் கை கால் விழும், பேச்சு குழறும். பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால் நம் ஊரில் என்ன பெயர் வைப்பார்கள்? "காத்து கருப்பு." வேப்பிலையோடு ஆள் வருவார். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்திருக்க வேண்டும்.

*

இனி மாத்திரைக்கு வருவோம். அதன் வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் அது நம்மைப் போன்றவர்களின் உடம்பில் எழுதப்பட்ட வரலாறு.

கருத்தடை மாத்திரையின் பெரிய சோதனை 1956இல் போர்ட்டோ ரிக்கோ தீவில், ஏழைகளுக்கான ஒரு குடியிருப்பில் தொடங்கியது. அங்கே சோதனையைக் கவனித்த மருத்துவர் எடிரிஸ் ரைஸ்-ரே, 100க்கு 17 பெண்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, தலைவலி என்று அறிக்கை எழுதினார். மாத்திரையை உருவாக்கியவர்கள் அது மனப்பிரமை என்று ஒதுக்கினார்கள். சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். மாத்திரைதான் காரணமா என்று யாரும் விசாரிக்கவில்லை. என் அக்கா கதையைக் கேட்ட உங்களுக்கு அந்த மூன்று பேரைத் தெரியும்.

அந்த முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்று நம் அரசு தரும் மாலா-என் மாத்திரையில் 30. இந்தக் குறைப்பு தானாக வரவில்லை. 1961இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதி மருத்துவர் ஜோர்டான், இந்த மருந்தைச் சாப்பிட்ட ஒரு செவிலியருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்ததை லான்செட் இதழுக்குக் கடிதமாக எழுதினார். பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. 1969இல் பார்பரா சீமன் என்கிற பத்திரிகையாளர் இது பற்றிப் புத்தகமே எழுதினார். 1970இல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அந்தக் கத்தலுக்குப் பிறகுதான் மாத்திரைப் பெட்டிக்குள் ஆபத்தைச் சொல்லும் துண்டுக் காகிதம் வந்தது. நீங்கள் படிக்காமல் கசக்கிப் போடுகிறீர்களே, அந்தக் காகிதம் போராடி வாங்கியது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாறு உண்டு. 1985இல் ஆந்திராவில் பட்டன்செரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்கிற கருத்தடை ஊசியின் சோதனைக்கு ஏழைப் பெண்களைத் திரட்டினார்கள். அது சோதனை என்றே அவர்களிடம் சொல்லவில்லை. ஐதராபாத் ஸ்திரீ சக்தி சங்கட்டனாத் தோழிகள் அங்கே போய் நின்று கேள்வி கேட்டார்கள். விஷயம் 1986இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தோழிகளும் கேட்டது அமெரிக்கப் பெண்கள் கேட்ட அதையேதான். எங்க உடம்புக்குள் போவது என்னவென்று எங்களிடம் சொல்.

*

இனி நம்ம மலை. இதைக் கவனமாகக் கேளுங்கள், இது இங்கேயே நடந்தது.

1971இல் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், உபாசி என்கிறோமே, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டம் தொடங்கியது. பெண் தொழிலாளி கர்ப்பமாகாத ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் 5 ரூபாய் வரவு வைக்கப்படும். வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் பணம் கைக்கு வரும். அளவுக்கு மேல் பிள்ளை பெற்றால் அதில் ஒரு பங்கு போகும், இன்னும் பெற்றால் எல்லாமே போகும். ரொனால்ட் ரிட்கர் என்கிற பொருளியலாளர் உலகத்துக்கே முன்மாதிரியாக இதை 1980இல் ஓர் ஆய்விதழில் விரிவாக எழுதினார். 'பிறப்பில்லாமைக்கு போனஸ்' என்பது அதற்கு வைத்த பெயர்.

நான் வங்கிக்காரன். மாதாமாதம் வரவு வைக்கிற தொடர்வைப்புக் கணக்கு எனக்குத் தெரியும். நகையை ஈடு வைப்பார்கள், நிலத்தை ஈடு வைப்பார்கள். கர்ப்பப்பையை ஈடு வைத்த கணக்கு இது ஒன்றுதான். அந்தத் திட்டத்தோடு சேர்ந்து தாய்சேய் நலம் பார்க்கும் வேலைகளும் நடந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. நிறையப் பிள்ளை பெற்று ஓய்ந்த நம் பாட்டிமார் பலருக்குக் கருத்தடை வேண்டியும் இருந்தது. ஆனால் அந்தப் பேரேட்டில் என்ன பத்திகள் இருந்தன, எது இல்லை? கர்ப்பமா, இல்லையா. எத்தனை பிள்ளை. எவ்வளவு ரூபாய். ஒரு பெண்ணின் மாதவிலக்கு வரை எட்டிப் பார்த்த நிர்வாகத்துக்கு அவளுடைய கால் வீக்கத்தைக் குறிக்க ஒரு கட்டம் தேவைப்படவில்லை. பிறப்பைத் தடுக்க ஐந்து ரூபாய். பிறப்பில் சாகிறவளுக்கு ஒரு கம்பவுண்டர்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி நம் கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணம் இருக்காது. காரணம் தனிப் படிவம். அதை மருத்துவர் எழுதணும். லைன் வீட்டில் செத்தவளுக்கு எந்த மருத்துவர் எழுதுவார்? வீட்டு ஆள் "நெஞ்சு வலி" என்றால் அதோடு முடிந்தது. தாய்ச் சாவுகளின் காரணப் பட்டியலில் நம் நாட்டில் ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், கிருமித்தொற்று மேலே நிற்கின்றன. உண்மைதான். அவை கண்ணுக்குத் தெரியும். உள்ளே உறைந்த ரத்தம் தேடினால்தான் தெரியும். தேடிப் பார்க்கிற பிரிட்டனில் தாய்ச் சாவுக்கான நேரடிக் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இன்னொன்று. கருத்தடையின் பாரத்தை யார் சுமக்கிறார்கள்? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை 100க்கு ஒன்றுகூட இல்லை. ஆணுக்குச் செய்வது சின்ன வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, ரத்தம் உறையும் பேச்சே இல்லை. மேடையில் சாதி ஒழிப்புப் பேசுகிற தோழர்கள் இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

இந்த மலையின் ரத்தம் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு ரத்தத் தன்மை இருப்பதைக் கண்டு எழுதினார்கள். சிக்கிள் செல் என்கிறார்களே, அது. ரத்தச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அதே 1952இல் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இந்த நோய் இருப்பது பதிவானது. இந்தியாவில் இந்த நோயின் வரலாறே மலையிலும் தேயிலைத் தோட்டத்திலும்தான் தொடங்குகிறது.

இந்த நோய் உள்ள பெண் கர்ப்பமானால் ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை இவர்களுக்குத் தரக்கூடாது என்று 2024 அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. நோய் வேறு, ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வரும் தன்மை வேறு. தன்மை மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். இந்த ரெண்டையும் பிரித்துச் சொல்லாமல் "அந்த ஜாதிக்கு ரத்தம் கெட்டது" என்று பேசுவது புதிய தீண்டாமை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பழங்குடிகளுக்கான மருத்துவ அமைப்புகள் பல வருஷமாக இந்தப் பரிசோதனையைச் செய்துவருகின்றன. 2023இல் ஒன்றிய அரசும் நாடு முழுக்க ஒரு திட்டம் அறிவித்தது. நாம் கேட்கவேண்டியது ஒன்றே: ஒரு பணியர் பெண்ணுக்கோ இருளர் பெண்ணுக்கோ மாத்திரை அட்டையை நீட்டும் முன், அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு அங்கே இருக்கிறதா?

*

மாணவிகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லணும். மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், சபரிமலைக்கு அப்பா மாலை போட்டிருக்கிறார் என்றால் வீட்டில் ஒரு மாத்திரை வாங்கிவருவார்கள். 'தள்ளிப்போடுற மாத்திரை'. மருந்துக் கடையில் சீட்டுக் கேட்காமலே கொடுக்கிற இடம் உண்டு. அது நார்எத்திஸ்டிரோன். அந்த அளவில் ஒரு நாளைக்கு மூன்று வேளை சாப்பிடும்போது உடம்பு அதில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முன்பே ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் யாருக்காவது உறைந்திருந்தவர்களுக்கும் இது ஆபத்தாக முடியலாம். எதற்காக இதைச் சாப்பிடுகிறோம்? தீட்டு என்பதற்காக. நம்மைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே நிறுத்திய அதே சிந்தனையை வீட்டுக்குள் கொண்டுவந்து நம் பெண்ணின் ரத்தத்தை அடக்கப் பார்க்கிறோம். மருத்துவக் காரணத்துக்காக மருத்துவர் தருவது வேறு. அம்மனுக்காகச் சாப்பிட வேண்டாம் தோழர்களே. அம்மனும் பெண்தான்.

*

இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்ப மாத்திரையே வேணாம்" என்று யாராவது வீட்டுக்குப் போய்விட்டால் நான் பேசியது வீண். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1995 அக்டோபரில் பிரிட்டன் அரசுக் குழு, சில புதிய வகை மாத்திரைகளில் ரத்தம் உறையும் அபாயம் பழைய மாத்திரையைவிட ஏறக்குறைய இரட்டிப்பு என்று அறிவித்தது. இரட்டிப்பு என்றதும் பயந்துபோய்ப் பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். 1996இல் வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் ஆயிரக்கணக்கில் கூடின. கர்ப்பத்தின் அபாயம் மாத்திரையின் அபாயத்தைவிடப் பெரிது என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. பாதிக் கணக்கு பொய்க் கணக்கைவிட மோசம்.

கருத்தடை நமக்கு எதிரி கிடையாது. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது அண்ணல் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. தீர்மானம் தோற்றது. அதற்கு முன்பே, 1928இல், பெண் தொழிலாளருக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். பெரியார் இன்னும் ஒரு படி போனார். நாட்டின் வறுமைக்காக, ஜனத்தொகைக்காகக் கர்ப்பத்தடை என்று மற்றவர்கள் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். ஐந்து ரூபாய்க் கணக்குக்கும் பெரியாருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உடம்பு யாருடையது, முடிவு யாருடையது என்பதில் இருக்கிறது.

முடிவு அவளுடையது என்றால் தகவலும் அவளுக்கு வரணும். அதனால் சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், அம்மா அக்கா தங்கைக்கு அப்படி வந்தவர்கள், கண்ணில் பூச்சி பறந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், 35 வயதுக்கு மேல் புகை பிடிக்கிறவர்கள், இவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆகணும். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு வாரம் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூடவே கூடாது. ஆறு மாதம் வரைக்கும் தவிர்ப்பது நல்லது. காப்பர்-டீயில் ஹார்மோன் இல்லை. ஆணுறையில் ஒன்றுமே இல்லை. மாத்திரையின் அபாயம் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் அதிகம். அதனால் விட்டுவிட்டுச் சாப்பிடுவது, மாதக்கணக்கில் நிறுத்தி மறுபடி தொடங்குவது நல்லதல்ல.

பிள்ளை பெற்றவளை மருத்துவர் தடுக்காதவரை சீக்கிரமே எழுந்து நடக்க விடுங்கள். தண்ணி கொடுங்கள், தாகம் தீரக் கொடுங்கள். பாட்டிகளோடு சண்டை வரும், பரவாயில்லை. ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்காலிலோ தொடையிலோ வலித்தால், சூடாகச் சிவந்தால், நீவாதீர்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயங்கினால், இதுவரை வராத மாதிரி தலை வலித்தால், வலிப்பு வந்தால், 108ஐக் கூப்பிடுங்கள். கம்பவுண்டருக்காகக் காத்திருக்காதீர்கள். போனதும் "பிள்ளை பெத்து இத்தனை நாள், ரத்தம் உறைஞ்சிருக்குமான்னு பாருங்க" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். டாப்ளர் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, காலில் கட்டி இருந்தால் காட்டிவிடும். ஹெப்பாரின் ஊசி இருக்கிறது. அது பிள்ளைக்குப் போகாது, அதனால் கர்ப்பிணிக்கும் போடலாம். நேரத்தில் போனால் இது பிழைக்கக்கூடிய நோய். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது. தோட்டத்து லைனிலிருந்து அதுவரை போகிற பாதையும் வண்டியும்தான் நம் அரசியல்.

சங்கத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த முறை கோரிக்கைப் பட்டியல் தயாரிக்கும்போது கூலி உயர்வு, போனஸுக்கு அடுத்து இதையும் எழுதுங்கள். பிரசவமான ஒவ்வொரு பெண்ணையும் ஆறு வாரம் வரை வீட்டுக்கு வந்து, தொட்டிலை மட்டும் பார்க்காமல் அவள் காலையும் பார்க்க ஒரு செவிலியர் வேண்டும். பேறுகாலத்தில் எந்தப் பெண் இறந்தாலும் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தக் காரணத்தை அவள் வீட்டாருக்குத் தமிழில் படித்துச் சொல்லவேண்டும்.

அந்தப் பொண்ணு போன வாரம் மறுபடி வங்கிக்கு வந்திருந்தாள். அக்கா பிள்ளை பேரில் கணக்குத் தொடங்க. கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார், அன்னிக்கு கால் வீக்கம்னு கேட்டீங்களே, ஏன் கேட்டீங்க?" என்றாள். அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னேன். அவள் இன்றைக்கு இந்த அறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சம்மதம் வாங்கித்தான் இதைப் பேசினேன்.

கேள்விகள் இருக்கும். ஆண்கள் கொஞ்சம் பொறுங்கள். பெண்கள் முதலில் கேட்கட்டும்.

ஜெய்பீம்.